கீமோவுக்கும் கீமோவுக்கும் நடுவில் 20 நாள்

டே கேர் வார்டில் நரம்பு தேடி ஊசி குத்தி, ட்ரிப்ஸ் ஏறி முடிந்து, கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக வெளியே வர நாலைந்து மணி நேரம் ஆகும். 21 நாள் கழித்து வரச் சொல்லி அனுப்புவார்கள். ஊசி போட்ட நாளைக் கழித்தால் அடுத்த கீமோவுக்கு முன் 20 நாள். அந்த 20 நாளும் டாக்டரும் நர்ஸும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

இந்த நாட்களில் குடும்பங்கள் எதற்கெல்லாம் பயப்படுகின்றன என்று பார்த்தால், முடி கொட்டுவது, கோழிக்கறி, சர்க்கரை, பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்பவைதான் முன்னால் நிற்கின்றன. ஆளைச் சாய்ப்பவை வேறு. இரவு 11 மணிக்கு வரும் காய்ச்சல், ‘வாந்திதான் இல்லையே’ என்று மறுநாளே நிறுத்திய மாத்திரை, ஒரு வாரமாகக் கஞ்சியிலேயே ஓடும் உடம்பு, நாலு நாளாகப் போகாத மலம். எல்லாமே சில்லறை விஷயங்களாகத் தெரியும். அதனாலேயே கோட்டை விடுகிறோம்.

கீமோ மருந்துகள் நூற்றுக்கும் மேல் உண்டு. ஒவ்வொன்றின் குணமும் வேறு. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒன்றை எடுத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படுவது ‘ஏசி’ என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு கூட்டு. 21 நாளுக்கு ஒருமுறை, 4 தடவை. அதன்பின் பாக்லிடாக்சல், வாரம் ஒன்று வீதம் 12 வாரம். டாக்ஸோரூபிசின் ரோஸ்மில்க் நிறத்துக்கும் கொஞ்சம் அடர்த்தியான சிவப்பு. ஏறிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். இதை முன்கூட்டியே சொல்லாததால் நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடி வருகிறவர்கள் உண்டு.

ஏன் 21 நாள்?

இந்த மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களை அடிக்கும். புற்றுநோய்ச் செல் அப்படிப்பட்டது. முடியின் வேர், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அப்படிப்பட்டவைதான். மருந்துக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது.

மஜ்ஜையில் ஊறும் ரத்த அணுக்களில் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 8 முதல் 10 நாள். கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுவோ ரத்தத்துக்கு வந்தபின் ஒரு நாள்கூடத் தாங்காது. கீமோ ஏறியதும் உற்பத்தி நின்றுவிடும். ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்த கையிருப்பு ஒரு வாரத்துக்கு வரும். ஏழாம் நாள் வாக்கில் அது தீர்ந்து, எண்ணிக்கை தரைதட்டும். 14-ம் நாளுக்குப் பிறகு மஜ்ஜை சுதாரித்து மூன்றாம் வாரத்தில் பழைய நிலைக்கு வரும். 21 நாள் கணக்கு இதிலிருந்து வந்தது.

ஆகவே முதல் வேலை: மாதக் காலண்டரை எடுத்து, கீமோ ஏறிய தேதியில் 1 என்று எழுதுங்கள். 3-ம் தேதி ஏறியிருந்தால் 9-ம் தேதி ஏழாம் நாள், 16-ம் தேதி பதினான்காம் நாள். இரண்டுக்கும் நடுவே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, சுவரில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் கூட்டம், சளி பிடித்த பேரக்குழந்தை எதுவும் அந்தக் கோட்டுக்குள் வேண்டாம். நலம் விசாரிக்க வருகிறவர்கள் அந்த வாரம் போனில் பேசட்டும். சாத்துக்குடிப் பையைக் கொடுத்தனுப்பினால் போதும்.

100.4

நியூட்ரோபில் குறைந்த உடம்பில் தொற்று வந்தால் வழக்கமான அடையாளம் எதுவும் இருக்காது. சீழ் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி செத்த வெள்ளை அணுக்கள்தான். வெள்ளை அணுவே இல்லாதபோது சீழ் ஏது? புண் சிவக்காது, வீங்காது. நிமோனியா தொடங்கியிருந்தும் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் வெளியே தெரிகிற ஒரே எச்சரிக்கை காய்ச்சல்தான்.

அளவு இது: ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே போதும், அல்லது 100.4 வந்து ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றால். பல மருத்துவமனைகள் குழப்பம் வேண்டாம் என்று 100.4-ஐத் தொட்டாலே கூப்பிடச் சொல்கின்றன. அதையே பின்பற்றலாம். காய்ச்சல் கண்ட நோயாளிக்கு மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது விதி. விடியட்டும் பார்ப்போம் என்று காத்திருந்தால், இரவு 11 மணிக்குப் பேசிக்கொண்டிருந்தவர் காலை 6 மணிக்கு ரத்த அழுத்தம் விழுந்து ஐசியூவில் இருப்பது நடக்கக்கூடியதுதான்.

எங்கே தவறுகிறது? முதலாவது, தெர்மாமீட்டரே இருக்காது. இருந்தாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி வையுங்கள். முதல் கீமோவுக்கு முந்தைய நாள் வாங்க வேண்டிய பொருட்களில் அதுதான் முதல். நட்ஸ் பாக்கெட்டும் புரோட்டீன் பவுடரும் பிறகு. நாக்குக்கு அடியில் வைத்துப் பார்க்கும் முன் காபியோ வெந்நீரோ குடித்திருந்தால் 15 நிமிடம் பொறுக்க வேண்டும். அக்குளில் பார்த்தால் ஒரு டிகிரி வரை குறைத்துக் காட்டும். அக்குளில் 99.5 என்றாலே வாயில் வைத்து மறுபடி பாருங்கள். ஆசனவாயில் மட்டும் கூடவே கூடாது.

இரண்டாவது, பாராசிட்டமால். உடம்பு வலி என்று காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போட்டுக்கொண்டே இருந்தால் காய்ச்சல் தலைகாட்டாது, தொற்று மட்டும் உள்ளே வளரும். அதனால் பாராசிட்டமால் போடுவதற்கு முன் ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துவிட வேண்டும். 100.4-க்கு மேல் இருந்தால் மாத்திரைக்கு முன் போன்.

மூன்றாவது, தெருமுனை கிளினிக். அவர் இடுப்பில் ஓர் ஊசி போட்டு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவார். காய்ச்சல் இறங்கும். ஆறு மணி நேரம் வீணாகியிருக்கும். பிளேட்லெட்டும் குறைந்த நேரத்தில் இடுப்பில் போட்ட ஊசி ரத்தக்கட்டாக வீங்கவும் கூடும்.

நான்காவது, தூரம். தென்காசியிலோ தருமபுரியிலோ இருந்துகொண்டு அடையாறிலோ வேலூரிலோ சிகிச்சை எடுக்கிறவர்கள் ஏராளம். காய்ச்சல் வந்தால் ராத்திரி பஸ் ஏறி சென்னைக்கு வர முடியாது, வரவும் கூடாது. முதல் கீமோ முடிந்து கிளம்பும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: “எங்க ஊர்ப்பக்கம் அவசரம்னா எங்க போகட்டும்?” மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் எடுக்கக்கூடிய போன் நம்பரையும் கேளுங்கள். ஓபி நம்பர் ஐந்து மணிக்கு மேல் அடித்துக்கொண்டே இருக்கும்.

கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டரிடம் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்கள். இப்படி ஒரு துண்டுச் சீட்டு எழுதி பைலின் முன்பக்கம் குத்தி வைத்திருந்தால் நேரம் மிச்சம் (சைக்கிள் என்பது கீமோவின் ஒரு சுற்று, நியூட்ரோபீனியா என்பது நியூட்ரோபில் குறைந்த நிலை): ‘மார்பகப் புற்றுநோய். டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, இரண்டாம் சைக்கிள். இன்று 10-வது நாள். காய்ச்சல் 101. நியூட்ரோபீனியா இருக்கலாம். சர்க்கரை நோய் உண்டு. பெனிசிலின் அலர்ஜி இல்லை.’ இந்த ஆறேழு வாக்கியத்தைப் படித்த எந்த டாக்டரும் உடனே ரத்தம் எடுக்கச் சொல்வார்.

வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே வராது. குளிர் நடுக்கம், திடீர்க் குழப்பம், எழுந்து நிற்க முடியாத தள்ளாட்டம், மூச்சு வாங்கல், வழக்கத்தைவிடக் குறைந்த சிறுநீர் இவற்றில் ஒன்று இருந்தாலும் 100.4 மாதிரியே நடந்துகொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிப்பது

லேப் ரிப்போர்ட்டில் எல்லாரும் பார்ப்பது மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை. 4,000 முதல் 11,000 வரை சரி என்று போட்டிருக்கும். அதை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். அதற்குக் கீழே நியூட்ரோபில் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். இரண்டையும் பெருக்க வேண்டும்.

மொத்தம் 3,000, நியூட்ரோபில் 60 சதவீதம். மொத்தம் குறைவு என்று அச்சு தடிப்பாக இருக்கும். பெருக்கினால் 1,800. பயமில்லை. இன்னொரு சீட்டில் மொத்தம் 4,200; நியூட்ரோபில் 18 சதவீதம். மொத்தத்துக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது. பெருக்கினால் 756. இவர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர். 1,500-க்குக் கீழே குறைவு, 500-க்குக் கீழே போனால் ஆபத்து.

எண்ணிக்கையை ஏற்ற ஃபில்கிராஸ்டிம் ஊசி உண்டு. கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழித்துத்தான் தொடங்க வேண்டும். தினம் ஒன்றாகச் சில நாள் தொப்புளைச் சுற்றியோ தொடையிலோ தோலுக்கடியில் போடுவார்கள். பெக்ஃபில்கிராஸ்டிம் என்றால் ஒரே ஊசி. விலை அதிகம், ஆனால் சமாச்சாரம் விலையில் இல்லை, குளிரில் இருக்கிறது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து இது. மருந்துக்கடையில் ஐஸ் பாக்கெட்டோடு கொடுத்தால், ஊசி ஐஸை நேராகத் தொடாமல் நடுவில் துணியோ காகிதமோ வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டில் பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்த ஊசி வீண். கதவுத் தட்டும் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். போடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும், குலுக்கக் கூடாது. மறுநாள் இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் விண்விண்ணென்று வலிக்கும். மஜ்ஜை வேலை செய்யும் வலி அது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு பாராசிட்டமால் போடலாம்.

முதல் ஐந்து நாள்

வாந்தி இரண்டு தவணையாக வரும். ஏறிய 24 மணி நேரத்துக்குள் வருவது முதல் தவணை. அதை மருத்துவமனையிலேயே ஊசியில் அடக்கிவிடுவார்கள். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வருவது அடுத்த தவணை. அதற்குத்தான் வீட்டுக்கு மாத்திரை. அப்ரெபிடன்ட் என்றால் முதல் நாள் 125 மி.கி., இரண்டாம் மூன்றாம் நாட்களில் 80 மி.கி. என்று பெட்டியிலேயே மூன்று மாத்திரைதான் இருக்கும். கூடவே ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மறுநாள் தெம்பாக எழுந்து உட்கார்ந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் மதியம் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுப்பது அடிக்கடி காணும் காட்சி. வாந்தி வருவதற்கு முன் போட்டால்தான் அது வேலை செய்யும்.

இரவுக்கு ஓலன்சபின் எழுதியிருந்தால் இன்னொரு சிக்கல். போனில் தேடினால் மனநோய் மாத்திரை என்று வரும். மகன் கோபப்பட்டுக் குப்பையில் போடுவார். அந்த மருந்துக்கு வாந்தியைக் கட்டுப்படுத்தும் குணமும் உண்டு. சில நாளைக்கு மட்டும், சிறிய அளவில் தருகிறார்கள். தூக்கம் அள்ளும். ராத்திரி பாத்ரூம் போகும்போது யாராவது கைபிடித்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

டெக்ஸாமெத்தசோனைக் காலை டிபனுக்குப் பிறகு கொடுங்கள். ராத்திரி கொடுத்தால் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். சர்க்கரை நோயாளிக்கு இந்த நாலைந்து நாளும் சர்க்கரை தாறுமாறாக ஏறும். வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் தினம் இருமுறை பார்த்து, 300-ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒன்டான்செட்ரான் வாந்தியை நிறுத்தும்போது குடலையும் மந்தமாக்கும். மூன்று நாள் மலம் போகாவிட்டால் வயிறு கல்லாகி, சாப்பாடு இறங்காமல், மறுபடி வாந்தி. லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கி சிரப்பை முதல் நாளே எழுதி வாங்கித் தொடங்கிவிடுவது நல்லது. இனிமாவோ ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ வேண்டாம். சிறு கீறல் பட்டாலும் குடல் கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும்.

சிறுநீர், மலம், வாந்தி வழியாக மருந்து சுமார் 48 மணி நேரம் வெளியேறும். மூடியை மூடி இருமுறை ஃப்ளஷ் பண்ணுங்கள், சுத்தம் செய்கிறவர் கையுறை போடட்டும், அழுக்கான துணியைத் தனியாகத் துவையுங்கள். எச்சரிக்கை இவ்வளவுக்குத்தான். தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை தேவையில்லை. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. பேத்தி மடியில் உட்காரலாம். தாம்பத்தியத்துக்கும் தடையில்லை, ஆனால் மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு தங்கலாம், கரு தங்கினால் குழந்தைக்கு ஆபத்து. சிகிச்சைக் காலம் முழுவதும், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை ஆணுறை அவசியம்.

ஊசி குத்திய இடத்தில் இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவந்து எரிந்தாலோ கொப்புளம் கிளம்பினாலோ உடனே காட்ட வேண்டும். டாக்ஸோரூபிசின் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை அரிக்கும். ஏறும்போதே ‘சுருக்’கென்று எரிந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காமல் அங்கேயே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

கஞ்சியில் என்ன இருக்கிறது?

55 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சிகிச்சைக் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 66 கிராம் புரதம் வேண்டும். ‘லேசாகச் சாப்பிடட்டும்’ என்று நாம் கொடுப்பதைக் கூட்டிப் பார்ப்போம். மூன்று டம்ளர் அரிசிக் கஞ்சி, ஓர் இளநீர், சாத்துக்குடி ஜூஸ், இரண்டு துண்டு பிரெட், கொஞ்சம் ரசம் சாதம். எல்லாம் சேர்ந்தாலும் 20 கிராம் தேறுவது கஷ்டம். மிச்சத்தை உடம்பு தன் சதையிலிருந்து எடுக்கும். தொடை மெலிவதும், மாடிப்படி ஏற முடியாமல் போவதும் பாதி இதனால்தான். பழியெல்லாம் கீமோ தலையில்.

66 கிராமுக்கு வழி இருக்கிறது. நன்றாக வேகவைத்த முட்டை இரண்டு, 12 கிராம். பால் அரை லிட்டர் (ஹார்லிக்ஸோ சத்துமாவோ கலந்து), 16. கெட்டியான பருப்பு ஒரு கப், 8. பொட்டுக்கடலை ஒரு பிடி பொடித்து மோரிலோ கஞ்சியிலோ, 6. வெந்த மீன் அல்லது கோழி மூன்று நாலு துண்டு, 18 வாக்கில். இட்லி, சாதத்தில் வருவது மீதி. கோழி சாப்பிட்டால் கட்டி வளரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சைவக்காரர்கள் பனீர், சோயா உருண்டை, சுண்டல் என்று ஈடுகட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் மட்டும் சுண்டல் வேண்டாம்.

சர்க்கரை புற்றுநோயை ஊட்டி வளர்க்கும் என்று பாதிக் குடும்பங்கள் காபியில் சர்க்கரையை நிறுத்துகின்றன. சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும்கூட உடம்பு குளுக்கோஸைச் செய்துகொள்ளும். கட்டியைப் பட்டினி போட முடியாது, ஆளைத்தான் போட முடியும். சர்க்கரை நோயாளிக்குக் கட்டுப்பாடு தேவை. அது வேறு கதை.

சாப்பிட முடியாததற்குக் காரணம் பல சமயம் வாசனை. தாளிக்கும் வெங்காயமும் கடுகும் கீமோ வயிற்றுக்கு எமன். அந்த ஐந்து நாளும் நோயாளியை அடுப்படியிலிருந்து தள்ளி உட்காரவைத்து, ஆறிய உணவாகக் கொடுங்கள். சூடு குறைந்தால் வாசனையும் குறையும். வாய் இரும்பாகக் கசந்தால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் மர ஸ்பூன். மூன்று வேளைத் தட்டு பயமுறுத்தும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடி அளவு.

பச்சையாக உண்பதில் ஒரு தெளிவு வேண்டும். ஆஃப்பாயில், வெளியில் அரைத்த சட்னி, வெட்டி வைத்த பழம், கரும்புச்சாறு, கடை ஐஸ் போன்றவை வேண்டவே வேண்டாம். ஆனால் எல்லாப் பழமும் ஆகாது என்ற பழைய கண்டிப்பால் தொற்று குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. வாழைப்பழம், ஆரஞ்சு, மாதுளை என்று தோலுள்ளதாகப் பார்த்துக் கழுவி, வீட்டில் உரித்து உடனே சாப்பிடலாம். காய்ச்சிய பாலில் உறைந்த புதுத் தயிரும் சரி. உங்கள் மருத்துவமனை வேறு சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள்.

வாய்ப்புண்ணுக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா. தினம் புதிதாகக் கலந்து, ஆறு தடவையாவது வாயில் வைத்துக் கொப்பளிக்க வேண்டும். புண் வருமுன்பே, மூன்றாம் நாளே தொடங்குங்கள். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தால் எரியும். மென்மையான பிரஷ், பல்பொடி வேண்டாம். நாக்கில் தயிர் படிந்தாற்போல் வெள்ளைத் திட்டு வந்தால் அது பூஞ்சை, மருந்து உண்டு.

அடுத்து முள்சீத்தா. இலைக் கஷாயம் குடித்தால் கீமோவே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். சோதனைக்கூடத் தட்டில் செல் செத்ததை வைத்துப் பேசும் பேச்சு. மனிதர்களில் நிரூபணம் இல்லை. நீண்ட நாள் குடித்தவர்களிடம் பார்க்கின்சன் நோய் போன்ற நடுக்கம் கண்ட அனுபவம் கரீபியத் தீவான குவாதலூப்பில் உண்டு. பற்பம், செந்தூரம் வகையில் உலோகங்கள் இருக்கும். ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே கீமோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு வாங்குவது, காரணம் தெரியாமல் ஈரல் பரிசோதனை ஏறி சிகிச்சை தள்ளிப்போவதைவிட மேல்.

“கட்டின்னு மட்டும் சொல்லியிருக்கோம்”

டாக்டர் அறைக்குள் நோயாளிக்கு முன்னால் ஓடிவந்து மகனோ மகளோ கிசுகிசுக்கும் வாக்கியம் இது. அம்மா தாங்கமாட்டாள் என்ற அக்கறைதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நஷ்டமே அதிகம். என்ன நோய் என்று தெரியாதவருக்கு எட்டாம் நாள் குளிர் ஏன் முக்கியம் என்றும் தெரியாது. ‘லேசா சுரம் மாதிரி இருந்துச்சு, உங்களை ஏன் எழுப்பணும்னு படுத்துட்டேன்’ என்பார். போதாக்குறைக்கு வார்டு வாசலில் ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் முதல் நாளே எல்லாம் சொல்லிவிடுவார். பிறகு அம்மா தெரியாத மாதிரியும், பிள்ளைகள் மறைக்கிற மாதிரியும் நடிப்பார்கள்; யாருக்கும் யாரோடும் மனம்விட்டு அழ முடியாது.

மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “அம்மா, டாக்டர் சொன்னதுல உனக்கு என்ன புரிஞ்சுது?” என்று தொடங்குங்கள். பல சமயம் நாம் நினைப்பதைவிட அதிகம் தெரிந்திருக்கும். “இன்னும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?” என்பது அடுத்த கேள்வி. ‘நீங்களே பாத்துக்கோங்க’ என்று வந்தால் அதுவும் அவர் எடுத்த முடிவு. காய்ச்சலையும் மாத்திரையையும் பற்றிய விவரத்தை மட்டும் அப்போதும் சொல்லிவிடுங்கள்.

முடி கொட்டுவது முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதைவிட, முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்வது மனதுக்கு இலேசு என்று பெண்கள் பலர் சொல்கிறார்கள். சிகிச்சை முடிந்தபின் மறுபடி வளரும், சிலருக்குச் சுருட்டையாக.

பணத்தில் கவனிக்க இரண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலக மையத்தில் பதிய வேண்டும். பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கும் வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை முத்திரையோடு படிவம் வேண்டும்.

எல்லாவற்றையும் மருமகள் ஒருத்தி தலையில் வைத்திருக்கும் வீடுதான் அதிகம். அவள் காய்ச்சலில் படுத்தால் எந்த மாத்திரை எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு நீள நோட்டில் நாள் எண், காலை மாலை காய்ச்சல், மலம், போட்ட மாத்திரை, சாப்பிட்டது என்று தினம் ஒரு வரி. வாரம் ஒருமுறை எடை. இரண்டு பேருக்காவது அதை எழுதத் தெரிய வேண்டும். ராத்திரிக் காவலும் முறைபோட்டுத்தான்.

20-ம் நாளோ 21-ம் நாளோ மறுபடி ரத்தப் பரிசோதனை. நியூட்ரோபில் 1,500, பிளேட்லெட் 1 லட்சம் இருந்தால் பெரும்பாலும் அடுத்த கீமோ ஏறும். பெருக்கிப் பார்த்து 900 என்று வந்தால் ஒரு வாரம் தள்ளி வரச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எப்படியாவது போட்டுவிடுங்கள் என்று கெஞ்சாதீர்கள். காலி டாங்கில் மோட்டார் ஓட்டுகிற கதையாகிவிடும். ஒரு வாரம் தள்ளினதால் சிகிச்சை தோற்றதாக அர்த்தமில்லை. டாக்டர் அடுத்த முறை ஃபில்கிராஸ்டிம் சேர்ப்பார், அல்லது அளவைக் குறைப்பார். எண்ணிக்கை ஏறட்டும் என்று பப்பாளி இலைச்சாறு தேடி அலைய வேண்டாம். ஊர் திரும்பியதும் காலண்டரில் அடுத்த ஒரு வாரத்துக்கும் சிவப்புக் கோடு போடுங்கள், தெர்மாமீட்டர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். நோட்டில் 22, 23, 24 என்று எண் தொடரும். அடுத்த மருந்து ஏறும் அன்று மறுபடி 1.